கடனா, சில்லறையா?

அன்புள்ள ஐயா,

திருமங்கலத்தில் இருக்கிறேன். மகள் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். கணக்கு நோட்டை எடுத்தாலே வயிறு வலிக்கிறது என்கிறாள். 52-ல் 27 போனால் 35 என்று எழுதுகிறாள். ‘கடன் வாங்கிக் கழி’ என்று நூறு தடவை சொல்லிவிட்டேன், மறுநாளும் அதே 35. நேற்று கை ஓங்கிவிட்டேன். அப்புறம் ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. இவளுக்குக் கணக்கே வராதா? அபாகஸ் வகுப்பில் சேர்க்கட்டுமா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள சகோதரிக்கு,

அந்த 35 எப்படி வந்தது என்று அவளிடம் கேட்டீர்களா? இரண்டில் ஏழு போகாது. சரி, ஏழில் இரண்டு போனால் ஐந்து. ஐந்தில் இரண்டு போனால் மூன்று. இப்படித்தான் வந்திருக்கும். ‘பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழி’ என்று முதலில் சொல்லிக்கொடுத்தது நாம்தானே? குத்துமதிப்பாக எழுதுகிற பிள்ளைக்கு விடை நாளுக்கு ஒன்றாக வரும். உங்கள் மகள் தினமும் 35 எழுதுகிறாள் என்றால், ஒரு விதியை விடாமல் பிடித்திருக்கிறாள்.

எனக்குக் கோபமெல்லாம் அந்தக் ‘கடன்’ மேல்தான். அப்பாவுக்குக் கீழமாசி வீதியில் சின்ன மளிகைக் கடை. எட்டு வயதில் கல்லாப் பக்கம் நின்று மீதி கொடுப்பேன். பதினேழு ரூபாய்க்குச் சாமான், ஐம்பது ரூபாய்த் தாள். ‘இருபது’ என்று மூன்று ஒற்றை ரூபாய் வைப்பேன். ‘முப்பது, நாற்பது, ஐம்பது’ என்று மூன்று பத்து ரூபாய். தப்பியதாக நினைவில்லை. அதே நான் பள்ளியில் 50-ல் 17 போனால் 47 என்று எழுதித் தொடையில் கிள்ளு வாங்கினேன். “பக்கத்து வீட்டுல கடன் வாங்குடா” என்பார் சார். “எப்ப சார் திருப்பிக் குடுக்கணும்?” என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். கடைக்காரன் மகன் இல்லையா. அதற்கும் ஒரு கிள்ளு.

இது மதுரைக்கு மட்டும் உள்ள வியாதி இல்லை. பிரேசிலில் ரெசிஃபி நகரத்துத் தெருக்களில் இளநீரும் பழமும் விற்ற ஐந்து பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வு 1985-ல் வெளிவந்தது. வியாபாரத்தில் வாய்க்கணக்காகக் கேட்டபோது 98 சதவீதம் சரி. அதே மாதிரிக் கணக்கை வெறும் எண்ணாகத் தாளில் கொடுத்தபோது 37 சதவீதம்தான்.

கழித்தலில் யாரும் கடன் வாங்குவதில்லை, சில்லறைதான் மாற்றுகிறோம். ஐந்து பத்து ரூபாய்த் தாளும் இரண்டு ஒற்றை ரூபாயும் மகள் கையில் கொடுங்கள். அவள் பூக்காரம்மா. “27 ரூபாய் மீதி குடும்மா” என்று கையை நீட்டுங்கள். இரண்டு பத்தைத் தந்துவிடுவாள். ஏழுக்கு வந்ததும் திகைப்பாள். அங்கே நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது, கஷ்டம்தான். “சில்லறை இல்லையே” என்று அவளாகச் சொல்லட்டும். அப்போது ஒரு பத்தை வாங்கிக்கொண்டு பத்து ஒற்றை ரூபாய் கொடுங்கள். ஏழு ரூபாயை எடுக்கும் முன், முதலில் தந்த இரண்டு பத்தையும் சேர்த்து எண்ணச் சொல்லுங்கள்: நான்கு பத்து, பன்னிரண்டு ஒன்று. தாள் ஒன்று குறைந்திருக்கிறது, பணம் அதே ஐம்பத்திரண்டு. இதைப் பார்க்காமல் போகிற பிள்ளைக்குத்தான் ஐந்தை அடித்து நாலு போடுவது மந்திரம் மாதிரி தெரிகிறது. நாலைந்து நாள் இப்படி விளையாடிய பிறகு, ஒவ்வொரு படியையும் அவளையே பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள்.

ஒரு சிக்கல். இப்போது பருத்திப்பால் வண்டியில்கூட கியூஆர் அட்டை தொங்குகிறது. பிள்ளைகள் மீதிச் சில்லறையைக் கண்ணால் பார்ப்பதே அபூர்வமாகிவிட்டது. மெனக்கெட்டு நாணயம் சேர்க்க வேண்டியிருக்கும். இல்லையென்றால் புளியங்கொட்டையை ஒன்றாகவும், பத்துப் பத்தாகக் கட்டிய ஈர்க்குச்சியை... வேண்டாம், எல்லாமே ஈர்க்குச்சியாக இருக்கட்டும். கட்டை அவிழ்த்தால் பத்து, அவ்வளவுதான்.

அபாகஸ் வேகத்துக்கு உதவலாம். அவளுக்கு இப்போது வேகம் தேவையில்லை.

மறுபடி 35 எழுதினால் அழிக்காதீர்கள். “சரி, மீதி 35, கொடுத்தது 27. ரெண்டையும் சேர்த்தா நம்மகிட்ட முதல்ல இருந்தது வரணுமே, வருதா?” என்று மட்டும் கேளுங்கள். 62 வரும். அதற்கு மேல் அவள் பாடு.