வேகத்தில் உதறும் ஹேண்டில்: டயர் மாட்டுவது முதல் கோன் செட் வரை, கேள்வி பதில்

மோட்டார் சைக்கிள் பற்றி வந்த கேள்விகளில் பாதி, “வண்டி ஆடுகிறது, என்ன செய்ய?” என்ற ஒற்றை வரிதான். வயிறு வலிக்கிறது என்று மட்டும் சொன்னால் மருத்துவர் என்ன மருந்து எழுதுவார்? எந்த வேகத்தில் ஆடுகிறது, வேகம் கூடும்போதா குறையும்போதா, ஹேண்டில் மட்டுமா முழு வண்டியுமா என்று சொல்லுங்கள். அந்த மூன்றிலேயே நோய் பாதி தெரிந்துவிடும்.

கேள்வி: அண்ணா, முன் டயர் மாற்றி இரண்டு நாள் ஆகிறது. 90 கி.மீ. வரை ஒன்றும் இல்லை. 100-ஐத் தாண்டினால் ஹேண்டிலில் படபடவென்று அதிர்வு. மாட்டியவரிடம் கேட்டால், “புது டயர் அப்படித்தான், பழகிவிடும்” என்கிறார்.

பதில்: பழகப்போவது நீங்கள்தான் தம்பி, டயர் அல்ல. புது டயரின் மேற்பரப்பு முதல் நூற்றைம்பது கிலோமீட்டர் வரை வழுக்கும், அதனால் வளைவில் நிதானம் வேண்டும். ஆனால் புது டயர் அதிராது.

வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்குங்கள். டயரின் பக்கவாட்டில், ரிம்மை ஒட்டி, மயிரிழை போல ஒரு புடைத்த கோடு வட்டமாக ஓடும். சக்கரத்தை மெதுவாகச் சுற்றி, அந்தக் கோட்டுக்கும் ரிம் விளிம்புக்கும் இடையே உள்ள தூரத்தைப் பாருங்கள். சுற்றிலும் ஒரே அளவாக இருக்க வேண்டும். ஓரிடத்தில் கோடு ரிம்முக்குள் இறங்கி மறைந்தால், அங்கே டயரின் பீடு, அதாவது ரிம்மைக் கவ்வும் ஓரம், சரியாக உட்காரவில்லை. அதாவது உங்கள் சக்கரம் முழு வட்டமாக இல்லை. காற்றை முழுவதும் இறக்கி, அந்த இடத்தில் பீடை ரிம்மிலிருந்து பிரித்து, சோப்புத் தண்ணீர் தடவி, மறுபடி காற்று அடிக்க வேண்டும். ‘டப்’ என்று இரண்டு சத்தம் வரும், பக்கத்துக்கு ஒன்று. வரவில்லை என்பதற்காக அடித்துக்கொண்டே போகாதீர்கள். 40 பிஎஸ்ஐ அளவிலும் உட்காராவிட்டால் இறக்கிவிட்டு, இன்னும் கொஞ்சம் சோப்புத் தண்ணீர் தடவித் தொடங்குவதுதான் முறை. ரிம்மில் விரலை வைத்துக்கொண்டு காற்று அடிப்பவர்களை எனக்குத் தெரியும். சிலருக்கு இப்போது நகம் இல்லை.

கோடு சரியாக இருந்தால் அடுத்தது பேலன்சிங், அதாவது சக்கரத்தின் எடையைச் சுற்றிலும் சமன் செய்வது. 17 அங்குலச் சக்கரத்தில் ரிம் ஓரம் 10 கிராம் கூடுதலாக இருந்தால், 100 கி.மீ. வேகத்தில் அது ஏறக்குறைய 2 கிலோ எடைக்குச் சமமான விசையோடு சக்கரத்தை இழுக்கும், அதுவும் நொடிக்கு 15 முறை. 150-இல் அது 4 கிலோவைத் தாண்டிவிடும். வேகம் கூடக் கூட அதிர்வு கூடுவது இதனால்தான். டயரில் மஞ்சள் புள்ளி இருந்தால், அது டயரின் எடை குறைந்த இடம். அதை வால்வுக்கு நேராக வைத்து மாட்டினாரா என்றும் பாருங்கள்.

கேள்வி: என் வண்டி நேர்மாறு. 120-இல் கம்பி போல ஓடுகிறது. ஆக்ஸிலரேட்டரை விட்டு வேகம் குறையும்போது 70-க்கும் 60-க்கும் இடையே ஹேண்டில் இடமும் வலமும் உதறுகிறது. கையை லேசாக வைத்தால்தான் தெரிகிறது.

பதில்: அருமையாக விவரித்திருக்கிறீர்கள். எல்லோரும் இப்படி எழுதினால் எனக்கு வேலை குறையும்.

ஊஞ்சலுக்கு ஒரு கதி உண்டு. அதற்கு ஒத்துத் தள்ளினால் சின்னக் கையும் ஊஞ்சலை உயர ஏற்றிவிடும். ஹேண்டிலும், முன்சக்கரத்தைத் தாங்கும் இரண்டு கால்களான ஃபோர்க்கும், முன்சக்கரமும் சேர்ந்த அமைப்பும் அப்படித்தான். அது தானாக ஆடும் கதி பெரும்பாலும் நொடிக்கு 4 முதல் 10 முறை. 120/70-17 அளவு டயரின் சுற்றளவு ஏறக்குறைய 1.9 மீட்டர். 60 கி.மீ. வேகத்தில் அது நொடிக்கு 9 சுற்றுச் சுற்றும். சக்கரத்தில் உள்ள சின்னக் கோணல் சரியாக ஊஞ்சலின் கதியில் தள்ளத் தொடங்குகிறது. 120-இல் சுற்று இரட்டிப்பாகி, கதி தப்பிவிடுவதால் கம்பி போல ஓடுகிறது.

ஆகவே தள்ளுகிற கை எது என்று தேட வேண்டும். முதலில் காற்றழுத்தம், வண்டி ஓடாமல் ஆறியிருக்கும்போது அளக்க வேண்டும். அடுத்து, டயரின் மேல் உள்ளங்கையை முன்னும் பின்னுமாகத் தடவுங்கள். ஒரு திசையில் வழவழப்பாகவும் மறுதிசையில் ரம்பப் பல் போலவும் இருந்தால் டயர் மேடுபள்ளமாகத் தேய்ந்திருக்கிறது. அதை எந்தப் பேலன்சிங்கும் சரிசெய்யாது, மாற்றத்தான் வேண்டும். பிறகு கோன் செட், அதாவது ஹேண்டில் திரும்பும் தண்டின் பேரிங். முன்சக்கரத்தைத் தூக்கி, ஃபோர்க்கின் கீழ்முனைகளைப் பிடித்து முன்னும் பின்னும் இழுத்துத் தள்ளுங்கள். ‘டக்’ என்று கையில் தட்டினால் தளர்வு. ஹேண்டிலை மெல்லத் திருப்பும்போது நேர்நிலையில் மட்டும் ஒரு குழியில் விழுவதுபோல நின்றால் உள்ளே குண்டுகள் ஓடும் பாதை பள்ளம் விழுந்துவிட்டது. முறுக்கிப் பயனில்லை, புதிதுதான் போட வேண்டும்.

இன்னொன்று. சோதிப்பதற்காக இரண்டு கையையும் விட்டு ஓட்டாதீர்கள். மேலே சொன்ன எல்லாவற்றையும் நின்ற வண்டியிலேயே பார்த்துவிடலாம்.

கேள்வி: பின்னால் பெட்டி வைத்துச் சாமான் ஏற்றினால் மட்டும் 100-க்கு மேல் வண்டி பாம்பு போல நெளிகிறது. முன் டயரை மாற்றலாமா?

பதில்: வேண்டாம். இது ஹேண்டில் உதறல் அல்ல, முழு வண்டியும் நெளிவது. நொடிக்கு 2 முதல் 4 முறை, மெதுவான ஆட்டம். பின்சக்கரத்தின் அச்சான ஆக்ஸிலுக்கும் பின்னால், உயரத்தில் எடை தொங்கினால் முன்சக்கரத்தின் பிடி லேசாகிவிடும். கனமான சாமானைத் தாழ்வாக, வண்டியின் நடுப்பகுதிக்கு அருகில் கொண்டுவாருங்கள். பின் டயருக்குச் சுமையோடு ஓட்டும் அழுத்தம் எவ்வளவு என்று கையேட்டில் தனியாகக் கொடுத்திருப்பார்கள், அதை வையுங்கள். பின் ஸ்பிரிங்கையும் சுமைக்கேற்ப இறுக்குங்கள். அப்படியும் நெளிந்தால், பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மின் பேரிங்கைப் பாருங்கள்.

கேள்வி: ஓடிக்கொண்டிருக்கும்போது உதறத் தொடங்கினால் அந்த நேரத்தில் என்ன செய்வது?

பதில்: ஹேண்டிலை நெரிக்காதீர்கள், இறுக்கிப் பிடிக்கும் கைகளும் ஆட்டத்தை வளர்க்கும். முழங்காலால் டேங்கை அணைத்து, உடலைக் கொஞ்சம் முன்னால் சாய்த்து, ஆக்ஸிலரேட்டரைச் சிறிது சிறிதாகக் குறையுங்கள். முன் பிரேக்கைப் படக்கென்று பிடித்தால் எடை முழுவதும் ஆடுகிற சக்கரத்தின் மேல் வந்து விழும்.

கேள்வி: ஹேண்டிலின் ஆட்டத்தை அடக்கும் ஸ்டீயரிங் டாம்பர் போட்டால் தீருமா ஐயா?

பதில்: காய்ச்சலுக்கு வெப்பமானியை உடைப்பது போலத் தீரும்.

கேள்வி: டயரையும் பேலன்சிங்கையும் பார்த்தாயிற்று, எல்லாம் சரி. ஆனாலும் சக்கரத்தைக் கழற்றி மாட்டிய பிறகுதான் ஹேண்டில் ஒரு பக்கம் இழுப்பதுபோல இருக்கிறது, வேகத்தில் லேசான உதறலும் உண்டு.

பதில்: இந்தத் தப்பை நானே செய்திருக்கிறேன். ஒரு மாலை அவசரத்தில் ஆக்ஸிலை முறுக்கி, அதை ஃபோர்க்கின் அடியில் கவ்வும் பக்கப் போல்ட்டையும் உடனே முறுக்கிவிட்டேன். இரண்டு வாரம் டயரைத் திட்டினேன். பிறகு போல்ட்டைத் தளர்த்தியபோது ஃபோர்க் கால் கண்ணுக்குத் தெரியும்படி இரண்டு மில்லிமீட்டர் நகர்ந்தது! அதுவரை அது கோணலாகவே கவ்வப்பட்டிருந்திருக்கிறது. ஆக்ஸிலை முறுக்கி, வண்டியைத் தரையில் இறக்கி, முன் பிரேக்கைப் பிடித்தபடி ஃபோர்க்கை நாலைந்து முறை நன்றாக அமுக்கி எழுப்புங்கள். கால்கள் தாமாகவே நேராக உட்காரும். பக்கப் போல்ட் கடைசியில்தான். சக்கரத்தின் இரண்டு பக்கமும் ஆக்ஸிலில் வரும் வளையங்களான காலர்களும் இடம் மாறாமல் இருக்கின்றனவா என்பதையும் பாருங்கள்.

கேள்வி: வீட்டிலேயே டயர் மாட்டப் பார்க்கிறேன். கடைசி ஒரு சாண் மட்டும் எவ்வளவு நெம்பினாலும் ஏறவில்லை. நீளமான லீவர் வாங்கலாமா?

பதில்: லீவர் போதும், முழங்கால்தான் போதவில்லை. ரிம்மின் நடுவே ஒரு பள்ளம் உண்டு. நெம்பும் இடத்துக்கு நேர் எதிரே, ஏறிவிட்ட டயர் ஓரத்தை முழங்காலால் அந்தப் பள்ளத்துக்குள் அமுக்கியே வைத்திருங்கள். அந்தப் பக்கம் கிடைக்கும் தளர்வு இந்தப் பக்கம் வந்துசேரும். கடைசி ஒரு சாண் வழுக்கிக்கொண்டு ஏறும். வால்வுக்கு எதிர்ப்பக்கம் தொடங்கி வால்வில் முடியுங்கள். ட்யூப் உள்ள டயரானால் உருவம் பிடிக்கும் அளவு கொஞ்சம் காற்றை ட்யூபில் விடுங்கள், லீவர் கடிக்காது. பலத்தால் ஏற்றிய டயரில் பீடுக் கம்பி முறிந்திருக்கலாம், வெளியே தெரியாது.

கேள்வி: டயர் சுழலும் திசையைக் காட்டும் அம்புக்குறியை மாற்றி மாட்டிவிட்டார்கள். ஓட்டலாமா?

பதில்: கழற்றித் திருப்பி மாட்டச் சொல்லுங்கள். முன் டயரின் உள்அடுக்குகள் பிரேக்கின் விசையைத் தாங்கும்படி அடுக்கப்பட்டவை, தண்ணீரை வெளியேற்றும் பள்ளங்களும் ஒரு திசைக்கானவை. மாட்டும்போதே பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தையும் பாருங்கள்: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம் செய்தது.

கேள்வி: அண்ணா, முதல் கேள்வி கேட்டவன்தான். கோட்டைப் பார்த்தேன். வால்வுக்குப் பக்கத்தில் நான்கு விரல் அகலத்துக்குக் கோடே காணவில்லை. இறக்கி, சோப்புத் தண்ணீர் போட்டு அடித்ததும் ‘டப்’ என்றது. இப்போது 110-இலும் அதிர்வு இல்லை.

பதில்: மகிழ்ச்சி. கையேட்டில் உள்ள அழுத்தத்துக்குக் காற்றைக் குறைத்துவிட்டீர்கள்தானே? வால்வு மூடியையும் மாட்டிவிடுங்கள். வேகத்தில் வால்வின் உள்ஊசியைச் சுழற்சி விசை டயரின் பக்கம் தள்ளித் திறக்கப் பார்க்கும். மூடிதான் இரண்டாவது தாழ்ப்பாள்.