பிளெண்டர் என்ற முப்பரிமாண அனிமேஷன் மென்பொருளில் களிமண் அனிமேஷன் போன்ற அசைவைக் கொண்டுவருவது எப்படி?

பொம்மை நின்றால் களிமண், நடந்தால் கணினிப் பொம்மை என்று தெரிந்துவிடுகிறதே என்று கேட்டிருக்கிறீர்கள். அசைவு வழவழவென்று இருப்பதுதான் காரணம். நொடிக்கு 24 ஃபிரேம் (தனித்தனிப் படம்) ஓடினாலும், களிமண் பொம்மையைக் கையால் நகர்த்தி எடுப்பவர்கள் பெரும்பாலும் ஒரு நிலையை இரண்டு ஃபிரேமுக்கு வைப்பார்கள்; ஆக நொடிக்கு 12 நிலைகள்தான். அசைவை வளைகோடுகளாகக் காட்டும் கிராஃப் எடிட்டரில், ஒரு நிலையைச் சில ஃபிரேம்களுக்கு அப்படியே நிறுத்திவைக்கும் ஸ்டெப்டு இன்டர்போலேஷன் மாடிஃபையரைச் சேர்த்து, ஸ்டெப் அளவை 2 என்று வையுங்கள். மோஷன் பிளர் (அசையும்போது தெரியும் மங்கல்) வேண்டவே வேண்டாம்.

அப்புறம் மேற்பரப்பு. என் பார்வையில் உயிரே இங்குதான் இருக்கிறது. ஒவ்வொரு முறை விரல் படும்போதும் மண் லேசாக நசுங்கும், கைரேகை இடம் மாறும். பம்ப்புக்கான, அதாவது மேடுபள்ளம் காட்டுவதற்கான, நாய்ஸ் டெக்ஸ்சரை (ஒழுங்கற்ற புள்ளி வடிவம்) 4டி ஆக்கி, அப்போது கூடுதலாக வரும் டபிள்யூ மதிப்பை இரண்டு ஃபிரேமுக்கு ஒருமுறை துளி நகர்த்துங்கள். அதிகமானால் தோல் கொதிப்பதுபோல் ஆகிவிடும். வாயோரம், புருவம் என்று அடிக்கடி தொடும் இடங்களில் மட்டும் கூட்டினால் போதும்.