கேள்வி – பதில்: கிளவுடுக்கு ஒரு தனிப்பாதை

கேள்வி: எங்கள் நிறுவனத்தின் கணக்கு மென்பொருளும் தரவுத்தளமும் சென்ற ஆண்டு கிளவுடுக்கு மாறிவிட்டன. இப்போது அங்கே போய்வரத் தனி இணைப்பு ஒன்று வாங்க வேண்டும் என்றும், அதை வேண்டும்போது போட்டு, வேண்டாதபோது எடுத்துவிடலாம் என்றும் சொல்கிறார்கள். இருக்கிற இணைய இணைப்பே வேகமாகத்தான் இருக்கிறது. பிறகு இது எதற்கு?

பதில்: வேகத்துக்காக மட்டும் என்றால் தேவையில்லை. பொது இணையத்தில் உங்கள் தரவு கிளவுட் வழங்குநரைச் சென்றடைவதற்குள் பல நிறுவனங்களின் வலையமைப்புகளைக் கடக்க நேரிடுகிறது; அவை ஒவ்வொன்றும் தனக்கு எது மலிவோ, எது வசதியோ அந்த வழியில் அதைத் திருப்பிவிடும். காலையில் 20 மில்லிவினாடியில் வந்த பதில் மாலையில் 60 மில்லிவினாடி எடுத்துக்கொண்டால், ஏன் என்று கேட்க உங்களுக்கு ஆள் கிடையாது. தனி இணைப்பு நீக்குவது இந்த நிச்சயமின்மையைத்தான். தரவு எந்த வழியாகப் போகிறது, அந்த வழியில் உங்களுக்கு எவ்வளவு இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது, பழுதானால் யார் பொறுப்பு என்ற மூன்றுக்கும் ஒப்பந்தத்தில் விடை இருக்கும்.

அமேசான் தன் டைரக்ட் கனெக்ட் சேவையை 2011-இல் தொடங்கியது. மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பிரஸ்ரூட் 2014-இல் வந்தது. கூகுளின் இன்டர்கனெக்ட் அதன் பிறகு வந்தது. தொடக்கத்தில் இவற்றை வாங்குவதென்றால் கிளவுட் வழங்குநரின் ரவுட்டர் இருக்கும் டேட்டா சென்டருக்கே உங்கள் கம்பியைக் கொண்டுபோய், ஒவ்வொரு வழங்குநருக்கும் தனித்தனியாக இணைக்க வேண்டும். இந்த இடத்தில்தான் மெகாபோர்ட், ஈக்வினிக்ஸ் போன்ற இடைநிலை நிறுவனங்கள் நுழைந்தன. அவர்கள் எல்லா முக்கிய வழங்குநர்களுக்கும் பெரிய கம்பிகளை முன்கூட்டியே இழுத்து வைத்திருக்கிறார்கள். நீங்கள் அவர்களிடம் ஒரே ஒரு போர்ட், அதாவது கம்பியைச் செருகும் வாய், எடுத்தால் போதும். அதற்குள், ஒரே கம்பியில் செல்லும் தரவுகளைத் தனித்தனியாக அடையாளம் காட்டும் விலான் எண்களால் பிரிக்கப்பட்ட பல மெய்நிகர் இணைப்புகளை, எந்த வழங்குநருக்கு எவ்வளவு வேகம் என்று திரையில் தேர்ந்தெடுத்து, நீங்களே போட்டுக்கொள்ளலாம். ‘வேண்டும்போது’ என்ற சொல் இந்த மெய்நிகர் இணைப்பைத்தான் குறிக்கிறது, கம்பியை அல்ல.

கேள்வி: ‘சில நிமிடங்களில் இணைப்பு’ என்ற விளம்பரத்தை நம்பிப் பதிவு செய்தோம். இரண்டு மாதம் ஆகியும் இணைப்பு வரவில்லை; ஆனால் கட்டணச் சீட்டு மட்டும் வந்துவிட்டது. நாங்கள் ஏமாற்றப்பட்டோமா?

பதில்: ஏமாற்று என்று சொல்ல மாட்டேன், பாதி உண்மையைப் பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள் என்பேன். முந்தைய பதிலின் கடைசி வரிதான் இதற்கும் விடை. போர்ட் ஏற்கெனவே இருந்தால் மெய்நிகர் இணைப்புக்குச் சில நிமிடங்கள்தான். போர்ட்டே இல்லாதவருக்கு, அவருடைய கட்டடத்திலிருந்து அந்த டேட்டா சென்டர் வரை யாராவது கண்ணாடி இழை கொண்டுவர வேண்டும்; பிறகு டேட்டா சென்டருக்குள் கருவிகளை அடுக்கும் இரண்டு ரேக்குகளுக்கு இடையே கிராஸ் கனெக்ட் எனப்படும் சிறு கம்பியைப் போட அனுமதிக் கடிதம் வேண்டும். கையுறை போட்ட ஒருவர் கம்பியைச் செருகும் வேலை எந்தத் திரையிலும் நடந்துவிடாது.

கட்டணம் எப்போது ஓடத் தொடங்குகிறது என்பது ஒவ்வொரு வழங்குநரிடமும் வேறுபடுகிறது. எக்ஸ்பிரஸ்ரூட்டில் உங்களுக்கு ஒரு சேவைத் திறவுகோல் எண் வழங்கப்பட்ட கணத்திலிருந்தே கட்டணம் தொடங்குகிறது. மறுமுனையில் கம்பி வந்ததா என்று அது பார்ப்பதில்லை. அமேசானில் இடைநிலை நிறுவனம் இல்லாமல் நேரடியாக எடுக்கும் தனிப் போர்ட்டுக்கு, இணைப்பு உயிர்பெற்ற நாள் அல்லது பதிவு செய்து 90 நாள் கழிந்த நாள், இவற்றில் எது முந்தியதோ அதிலிருந்து கணக்கு. ஆகவே முதலில் தொலைத்தொடர்பு நிறுவனத்திடம் கம்பிக்குத் தேதி வாங்குங்கள். அந்தத் தேதி நெருங்கும்போது கிளவுட் பக்கம் பதிவு செய்யுங்கள். இன்னொன்றும் உண்டு: எக்ஸ்பிரஸ்ரூட்டில் வேகத்தைத் தடையின்றிக் கூட்டலாம், ஆனால் குறைக்க முடியாது, குறைக்க வேண்டுமானால் இணைப்பை நீக்கிவிட்டுப் புதிதாக உருவாக்க வேண்டும். அதனால் சிறியதில் தொடங்குவதே உத்தமம்.

கேள்வி: தனி இணைப்பில் செல்லும் தரவு மறையாக்கம் செய்யப்படுகிறதா என்று எங்கள் தணிக்கையாளர் கேட்கிறார். ஆம் என்று எழுதிக் கொடுக்கலாமா?

பதில்: கூடாது. பாதை தனி என்பதற்கும் தரவு பூட்டப்பட்டிருக்கிறது என்பதற்கும் தொடர்பில்லை; விலான் எண் உங்கள் தரவைப் பிறருடையதிலிருந்து பிரிக்கிறதே தவிர, மறைப்பதில்லை. 10 ஜிகாபிட், 100 ஜிகாபிட் தனிப் போர்ட்டுகளில் மேக்செக் என்ற மறையாக்கத்தைக் கேட்டுப் பெறலாம். இடைநிலை நிறுவனம் வழியாகச் சிறு வேகத்தில் வாங்கியவர்கள் அந்தப் பாதையின் மேலேயே ஐபிசெக் விபிஎன் என்ற மறையாக்கிய சுரங்கம் ஒன்றை ஓட்ட வேண்டும். அல்லது பயன்பாட்டிலேயே டிஎல்எஸ் என்ற மறையாக்கம் இருக்கிறதென்று உறுதிசெய்து அதைத் தணிக்கையாளரிடம் காட்ட வேண்டும். ‘பிரைவேட்’ என்ற சொல்லை விற்பனையாளர்கள் தாராளமாகப் புழங்குவதால் வரும் குழப்பம் இது.

கேள்வி: வினாடிக்கு 1 ஜிகாபிட் இணைப்புக்குப் பணம் கட்டுகிறோம். ஆனால் ஒரு பெரிய கோப்பை நகலெடுக்கும்போது 10 மெகாபிட்டுக்கு மேல் போவதேயில்லை. யாரைக் கேட்பது?

பதில்: முதலில் உங்கள் சர்வரைக் கேளுங்கள். அனுப்பும் கணினி ஓரளவு தரவை அனுப்பிவிட்டு, ‘வந்து சேர்ந்தது’ என்ற ஒப்புகை வரும்வரை காத்திருக்கும். அந்த அளவுதான், தரவு அனுப்பும் நெறிமுறையான டிசிபியின் சாளரம். பழைய மென்பொருள்களில் அது 65,535 பைட்டைத் தாண்டாது. போய்வர 50 மில்லிவினாடி ஆகும் தொலைவில், வினாடிக்கு 20 முறைதான் அவ்வளவையும் அனுப்ப முடியும். கணக்குப் போட்டால் ஏறத்தாழ 10.5 மெகாபிட் வருகிறது. நீங்கள் சொல்லும் எண்ணோடு இது அப்படியே பொருந்துவதால்தான் கம்பியின் மேல் எனக்குச் சந்தேகம் வரவில்லை. அந்தத் தொலைவில் 1 ஜிகாபிட்டை நிரப்ப 6 மெகாபைட்டுக்கும் மேல் தரவு எந்நேரமும் வழியில் இருக்க வேண்டும். சாளரத்தை விரிக்கும் வசதி 1992-லேயே தரப்படுத்தப்பட்டது. அது அணைக்கப்பட்டிருக்கிறதா, இடையில் ஏதேனும் ஃபயர்வால் அதை அழித்துவிடுகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் கோப்பைப் பல ஓடைகளாகப் பிரித்து ஒரே நேரத்தில் அனுப்பும் கருவியைப் பயன்படுத்துங்கள்.

தொலைவை மட்டும் யாரும் குறைத்துத் தர முடியாது. கண்ணாடி இழையில் ஒளி வினாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான் போகிறது. ஆகவே ஒவ்வொரு 100 கிலோமீட்டருக்கும் போய்வர 1 மில்லிவினாடி ஆகும்.

கேள்வி: எச்சரிக்கையாக இரண்டு தனி இணைப்புகளை, இரண்டு வெவ்வேறு நிறுவனங்களிடம், அமேசானுக்கு வாங்கி வைத்திருந்தோம். சென்ற மாதம் இரண்டும் ஒரே நொடியில் விழுந்தன. கம்பி எங்கும் அறுபடவில்லை என்று இரண்டு நிறுவனங்களும் சாதிக்கின்றன. இது எப்படி நடக்கும்?

பதில்: இரண்டு நிறுவனங்கள் ஒரே குழாய்க்குள் கம்பி போட்டிருப்பது சகஜம் என்பதால், இப்படிப்பட்ட கேள்விக்கு நான் வழக்கமாகப் பாதை வரைபடத்தைக் கேட்டு வாங்கச் சொல்வேன். ஆனால் நீங்கள் சொல்வதில் ‘ஒரே நொடி’, ‘அறுபடவில்லை’ என்ற இரண்டும் வேறு திசையைக் காட்டுகின்றன.

உங்கள் ரவுட்டரும் கிளவுட் வழங்குநரின் ரவுட்டரும் பிஜிபி என்ற நெறிமுறையில் ‘இந்த முகவரிகள் என் பக்கம் இருக்கின்றன’ என்று பரிமாறிக்கொள்கின்றன. அமேசானில் உங்கள் தனிப்பட்ட கிளவுட் வலையமைப்புக்குப் போகும் மெய்நிகர் இணைப்பில் (தனியார் மெய்நிகர் இடைமுகம் என்பார்கள்) நீங்கள் அறிவிக்கக்கூடிய வழித்தடங்களுக்கு, அதாவது முகவரித் தொகுதிகளுக்கு, 100 என்ற வரம்பு உண்டு. 101-ஆவதை அறிவித்தால் அந்த ஒன்று மட்டும் நிராகரிக்கப்படும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். உண்மையில் இரு ரவுட்டர்களுக்கும் இடையிலான பிஜிபி அமர்வே முறிந்துவிடுகிறது. இரண்டு இணைப்புகளிலும் நீங்கள் ஒரே பட்டியலைத்தான் அறிவித்திருப்பீர்கள். அன்று யாரோ உங்கள் வலையமைப்பில் ஒரு புதிய பிரிவைச் சேர்த்து, எண்ணிக்கை 100-ஐத் தாண்டியிருந்தால் இரண்டும் சேர்ந்தே விழும். கம்பிக்காரர்கள் சொல்வதும் உண்மையாக இருக்கும். ரவுட்டரின் பதிவேட்டில் அந்த நேரத்தைத் தேடிப் பாருங்கள். நான் ஊகிப்பது சரியென்றால், சிறு முகவரித் தொகுதிகளைச் சுருக்கிப் பெரிய தொகுதிகளாக அறிவிப்பதே தீர்வு. மூன்றாவதாக ஒரு கம்பி வாங்கியிருந்தால் அதுவும் சேர்ந்து விழுந்திருக்கும்.

இந்தச் சாக்கில் இன்னும் இரண்டைச் சரிபாருங்கள். பிஎஃப்டி என்ற கண்காணிப்பு இரு பக்கமும் இயக்கப்பட்டிருக்கிறதா? அது இல்லாவிட்டால், கம்பியின் நடுவில் ஏற்படும் பழுதை உணர பிஜிபி 90 வினாடிவரை காத்திருக்கக்கூடும்; இருந்தால் ஒரு வினாடிக்குள் மாற்றுவழிக்குத் திரும்பிவிடும். அடுத்து, கடைசித் துணையாக இணையத்தின் மேல் விபிஎன் வைத்திருந்தால், அமேசானின் வழக்கமான விபிஎன் சுரங்கம் ஒன்று தாங்குவது 1.25 ஜிகாபிட் வரைதான். 10 ஜிகாபிட்டில் ஓடிய வேலை முழுவதையும் அதில் திணித்தால், இணைப்பு உயிரோடு இருந்தும் எதுவும் நகராது. எந்தப் பயன்பாடு முதலில் போக வேண்டும் என்பதை இப்போதே வரிசைப்படுத்தி வையுங்கள்.

கேள்வி: இருபது பேர் வேலை செய்யும் சிறு அலுவலகம் எங்களுடையது. எங்களுக்கும் இது வேண்டுமா?

பதில்: நிரந்தரமாக வேண்டாம், நல்ல இணைய இணைப்பும் விபிஎன்னும் போதும். ஒரே ஒரு சந்தர்ப்பத்தில் யோசிக்கலாம். பழைய சர்வரில் இருக்கும் 10 டெராபைட்டை மொத்தமாகக் கிளவுடுக்கு ஏற்ற வேண்டுமென்றால், 100 மெகாபிட்டில் ஒன்பது நாளுக்கு மேல் ஆகும். 1 ஜிகாபிட் முழுதும் கிடைத்தால் ஒரு நாளுக்குள் முடியும். உங்கள் சர்வர் ஏற்கெனவே இடைநிலை நிறுவனம் இருக்கும் டேட்டா சென்டரில் இருந்தால், ஒரு மாதத்துக்கு மட்டும் எடுத்து விட்டுவிடலாம்.

கேள்வி: அப்படி விட்டுவிடும்போது கவனிக்க வேண்டியது என்ன?

பதில்: மெய்நிகர் இணைப்பை இடைநிலை நிறுவனத்திடம் நீக்கினால் கிளவுட் பக்கக் கட்டணம் தானாக நிற்காது. எக்ஸ்பிரஸ்ரூட்டில் முதலில் அந்த நிறுவனம் தன் முனையை விடுவிக்க வேண்டும். அதன் பிறகு நீங்கள் மைக்ரோசாஃப்டின் கிளவுடான அஷ்யூர் கணக்கில் நுழைந்து இணைப்பை நீக்க வேண்டும். அதுவரை கட்டணம் ஓடிக்கொண்டேயிருக்கும்.