‘வேணாம்’ என்று சொல்லிப் பழகட்டும்

கேள்வி: எங்கள் பள்ளியில் 14, 15 வயதுப் பிள்ளைகள் சிலர் குடித்துப் பார்த்திருப்பது தெரியவந்துள்ளது. ஒரு மருத்துவரை அழைத்து, கெட்டுப்போன கல்லீரல் படங்களைக் காட்டிப் பேசவைக்கலாம் என்கிறார் தலைமையாசிரியர். நான் செய்முறைப் பட்டறை நடத்தலாம் என்று நினைக்கிறேன். பலன் இருக்குமா? — ஓர் ஆசிரியை

பதில்: உங்கள் எண்ணம்தான் சரி, விட்டுவிடாதீர்கள். படத்தைப் பார்த்து அன்றைக்கு முகம் சுளிப்பார்கள், அவ்வளவுதான். பல வருடம் கழித்து வரப்போகும் நோய், 15 வயதில் யாருக்கோ நடக்கும் கதை. நண்பன் டம்ளரை நீட்டும் நேரத்தில் என்ன சொல்லி நழுவுவது என்பதுதான் பிள்ளைகளுக்குத் தெரியவில்லை.

ஆகவே பட்டறையில் பாதி நேரம் நடிப்புக்குப் போகட்டும். இரண்டிரண்டு பேராக நிற்கவையுங்கள். ஒருவர் வற்புறுத்த வேண்டும், மற்றவர் மறுக்க வேண்டும். வசனத்தை நீங்கள் எழுதித் தராதீர்கள். ‘ஒரே ஒரு வாய்டா, யாருக்குத் தெரியப்போகுது?’, ‘இவன் அம்மாகிட்ட கேட்டுட்டுத்தான் குடிப்பான்’ என்று அவர்களுக்குள் புழங்கும் பேச்சே வந்து விழும். மறுப்பவர் முதலில் நீளமாகக் காரணம் சொல்வார். ஒவ்வொரு காரணத்துக்கும் எதிரில் இருப்பவர் ஒரு பதில் வைத்திருப்பார். திரும்பத் திரும்பச் செய்யும்போதுதான், ‘வேணாம்டா, எனக்குப் பிடிக்கலை’ என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றவோ, இடத்தைவிட்டு நகரவோ வரும். இது வாயால் சொல்லிச் சொல்லித்தான் வரும்.

அடுத்து, பெயர் எழுதாத சீட்டு. ‘போன மாதம் நீ குடித்தாயா?’, ‘வகுப்பில் எத்தனை பேர் குடித்திருப்பார்கள்?’ என இரண்டே கேள்விகள். பெரும்பாலும் அவர்கள் ஊகிக்கும் எண்ணிக்கை உண்மையைவிட அதிகமாகவே இருக்கும். ‘எல்லாரும் குடிக்கிறாங்க’ என்ற நினைப்பு அங்கேயே ஆட்டம் காணும். சீட்டுகளை முதலில் நீங்கள் தனியாக எண்ணிப் பார்த்துவிட்டு, பிறகு அறிவியுங்கள். கையெழுத்தை வைத்து ஆளைத் தேடினால் அத்தோடு உங்கள் மீதான நம்பிக்கை போய்விடும்.

மருத்துவரும் வரட்டும், ஆனால் மூளையைப் பற்றிப் பேசட்டும். ஆசையை அடக்கி யோசிக்க உதவும் முன்மூளைப் பகுதி சுமார் 25 வயதுவரை வளர்கிறது. அமெரிக்காவில் 1997-ல் வெளியான ஓர் ஆய்வில், 15 வயதுக்கு முன் குடிக்கத் தொடங்கியவர்களில் 40 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் பிற்பாடு மதுவுக்கு அடிமையாகியிருந்தார்கள். 20 வயதுக்கு மேல் தொடங்கியவர்களில் அது சுமார் 10 சதவீதம்தான். இதில் குடும்பச் சூழல் போன்ற வேறு காரணங்களும் கலந்திருக்கலாம். ஆனாலும் தள்ளிப்போகும் ஒவ்வொரு வருடமும் லாபமே.

ஒன்றை மட்டும் விட்டுவிடவே கூடாது: குடித்து மயங்கிக் கிடப்பவருக்கு என்ன செய்வது என்பதை. மல்லாக்கப் படுக்கவைத்தால் வாந்தி மூச்சுக்குழாயில் போய் உயிரே போகலாம். ஒருக்களித்துப் படுக்கவைத்து, தனியே விடாமல் கூடவே இருந்து, ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். காபியோ குளிர்ந்த நீரோ போதையை இறக்காது. ஒவ்வொருவரும் பக்கத்தில் இருப்பவரைப் புரட்டிப் படுக்கவைத்துப் பார்க்கட்டும். உதவிக்கு அழைத்தவருக்குத் தண்டனை கிடையாது என்பதைத் தலைமையாசிரியரே மேடையில் சொல்ல வேண்டும். மாட்டிக்கொள்வோம் என்ற பயத்தில்தான் பிள்ளைகள் மறைக்கிறார்கள், அந்தத் தாமதம் ஆபத்து.

ஏற்கெனவே குடித்தவர்களைப் பட்டறையில் சுட்டிக்காட்டாதீர்கள். அவர்களுக்கு ஆலோசகருடன் தனிச் சந்திப்பு ஏற்பாடு செய்யுங்கள். ஒரே நாளோடு முடித்துவிடாமல், சில வாரங்கள் கழித்து அந்த நடிப்புப் பயிற்சியை இன்னொரு முறை நடத்துங்கள்.