பழைய செங்கல் வீட்டுக்குப் பீலி மாற்றுகிறோம். கறுப்பு நிறம் பொருந்துமா?

நீங்கள் எழுதியது நாலு வரிதான். 1980களில் கட்டிய மண்ணிறச் செங்கல் வீடு, கூரை ஓரத்தில் மழைத்தண்ணீரை ஏந்தி ஓட விடுகிற பீலி மூலைக்கு மூலை ஒழுகுகிறது, இந்த வருடம் மாற்றியே ஆகவேண்டும், தெருவில் பாதிப் பேர் கறுப்புப் போட்டிருக்கிறார்கள், நாங்களும் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். எந்த இடம் என்று சொல்லவில்லை. ரொறன்ரோவை ஒட்டிய ஸ்காபரோவோ மிசிசாகாவோ, அந்தப் பக்கமாகத்தான் இருக்கும் என்று எடுத்துக்கொள்கிறேன். எங்கள் வீடும் அதே வயது, அதே செங்கல்.

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் கூரையில் பதித்திருக்கிற தார் ஓடுகளும் (ஷிங்கிள்ஸ்) மண்ணிறமாக இருந்து, ஜன்னல் சட்டம், கராஜ் கதவு எதிலுமே கறுப்பு இல்லையென்றால் கறுப்பு வேண்டாம். அடர்ந்த மண்ணிறம் போடுங்கள். கீழே இறங்கும் குழாயை மட்டும் செங்கல்லின் நிறத்தோடு சேர்த்துப் பாருங்கள். நான் இதை ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்பது கொஞ்சம் நீண்ட கதை.

2017 ஒக்டோபரில் எங்கள் கூரையை மாற்றினோம். கூடவே பீலியையும் மாற்றச் சொன்னோம். ஒரு சிநேகிதர் மூலமாக வந்த கொந்தராத்துக்காரர். வேலை நாளன்று காலை பத்து மணிக்குப் போன் எடுத்து, "அண்ணை, பீலிக்கு என்ன நிறம்?" என்று கேட்டார். நான் தொழிற்சாலையில் நின்றேன், பக்கத்தில் மெஷின் சத்தம். "நீங்களே பார்த்துப் போடுங்கோ" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். பின்னேரம் ஐந்தரைக்கு வந்து காரை நிறுத்தினால் பீலி முழுக்க வெள்ளை. கராஜுக்கு இரண்டு பக்கமும் இறங்குகிற குழாய்களும் வெள்ளை. மண்ணிறச் சுவரில் சோக்கால் கோடு இழுத்ததுபோல நின்றன.

அம்மா சால்வையைப் போர்த்துக்கொண்டு ட்ரைவ்வேயில் நின்றார். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "தம்பி, வீட்டுக்குக் காயம் பட்டுக் கட்டுப் போட்ட மாதிரி இருக்கு" என்றார். அதற்குப் பிறகு எனக்கு வேறு மாதிரிப் பார்க்கவே முடியவில்லை.

கொந்தராத்துக்காரரிடம் கேட்டேன். "வெள்ளை எல்லாத்துக்கும் சேரும் அண்ணை" என்றார். உண்மைக் காரணம் எனக்குப் பின்னர்தான் விளங்கியது. இங்கே பெரும்பாலும் பீலி கடையிலிருந்து துண்டு துண்டாக வருவதில்லை. நிறம் பூசிய அலுமினியத் தகடு சுருளாக அவர்களின் வான் வண்டியில் இருக்கும். அதை மெஷினுக்குள் விட்டால் உங்கள் வாசலிலேயே ஐந்து அங்குலப் பீலி, நடுவில் பொருத்து இல்லாமல், வீட்டு நீளத்துக்கு வெளியே வரும். அன்றைக்கு மெஷினில் எந்தச் சுருள் ஏற்றியிருக்கிறதோ அதுதான் அவருக்குச் சுலபமான நிறம். வெள்ளை எப்போதும் வண்டியில் இருக்கும். வேறு நிறமென்றால் முன்கூட்டியே சொல்லி எடுப்பிக்க வேண்டும். அவரைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை, வேலை சுத்தமாகத்தான் செய்தார். நிறம் என்பது வேலை நாள் காலையில் போனில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

வெள்ளைப் பீலி பிழை என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். வெளிர் செங்கல், வெள்ளை ஜன்னல், வெள்ளைக் கராஜ் கதவு உள்ள வீடுகளுக்கு வெள்ளைதான் அழகு. எங்கள் வீட்டில் பீலிக்குப் பின்னால் இருக்கிற ஃபேசியாப் பலகை பழைய மண்ணிறத் தகட்டால் மூடியிருந்தது. மண்ணிறப் பலகைக்கு முன்னால் வெள்ளைப் பீலி. பிழை அங்கேதான். பீலியும் அதற்குப் பின்னால் இருக்கிற பலகையும் ஒரே நிறமானால் இரண்டும் சேர்ந்து கூரையின் ஓரமாகத் தெரியும், பீலி தனியாகத் தெரியாது. இரண்டும் வேறு வேறானால் கண் நேரே அங்கேதான் போகும்.

அம்மாவுக்கு இது எப்படி உடனே பிடிபட்டது என்று பிறகு கேட்டேன். யாழ்ப்பாணத்து வடமராட்சியில் எங்கள் வீடு ஓட்டு வீடு. இரண்டு கூரை சேரும் இடத்தில் தகரப் பீலி ஒன்று ஓடும், முன் தாழ்வாரத்திலும் ஒன்று. மாரி தொடங்க முன்னம் அப்பா ஏணி வைத்து ஏறி, சருகெல்லாம் அள்ளிப்போட்டுவிட்டு, துருவுக்குக் காவி நிறப் பெயின்ற் அடிப்பார். ஓட்டின் நிறமும் அதுவும் ஒன்று. கீழே நின்று பார்த்தால் பீலி இருப்பதே தெரியாது. "பீலி கண்ணுக்குத் தெரியக்கூடாது, தண்ணி விழுற சத்தம் மட்டும் கேக்கோணும்" என்று அப்பா சொல்வாராம். அந்த வீடு இப்போது இல்லை. எனக்கு அந்தத் தண்ணீர் அண்டாவில் விழுகிற சத்தம் நன்றாக நினைவிருக்கிறது, பீலியின் நிறம் நினைவில் இல்லை.

இரண்டு குளிர்காலம் அந்த வெள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 2019 வசந்தத்தில் மாற்றுவதென்று முடிவெடுத்தேன். வீட்டுக்காரி, நல்ல பீலியைக் கழற்றி எறிவது காசைக் கொட்டுகிற வேலை என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதனால் முதலில் முன்பக்கக் குழாய்களை மட்டும் மாற்றினோம். பாதிக் குறை அதோடு போய்விட்டது. இதை நான் குறிப்பாகச் சொல்ல விரும்புகிறேன். எல்லோரும் பீலியின் நிறத்தையே யோசிக்கிறார்கள். ஆனால் வீட்டின் முகத்தைக் கெடுப்பது சுவருக்குக் குறுக்கே செங்குத்தாக இறங்குகிற குழாய்தான். பீலிக்குப் பலகையின் நிறம், குழாய்க்குச் சுவரின் நிறம். இரண்டும் ஒரே நிறமாக இருக்கவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

நிறம் எடுத்த விதத்தைச் சொல்கிறேன், இதை நீங்களும் செய்யலாம். கடையில் தருகிற பெருவிரல் அளவு நிற அட்டையை நம்பவில்லை. ஓர் அடி நீளத் தகட்டுத் துண்டுகள் மூன்று கேட்டு வாங்கினேன்: கறுப்பு, சாதாரண மண்ணிறம், கிட்டத்தட்டக் கோப்பிக்கொட்டை நிறத்தில் ஓர் அடர் மண்ணிறம். மூன்றையும் குழாய் இறங்குகிற இடத்திலேயே சுவரில் ஒட்டுநாடா போட்டு ஒட்டிவிட்டு, காலையில், மத்தியானம், பின்னேரம் என்று தெருவின் மறுபக்கம் போய் நின்று பார்த்தேன். காலையில் சாதாரண மண்ணிறம் சரியாகத்தான் இருந்தது. பின்னேர வெயிலில் அது சிவந்து, பழைய சொக்லேட் பெட்டி மாதிரி ஆகிவிட்டது.

பிறகு மகள் ஒன்று சொன்னாள். "அப்பா, பீலியை மழை நாளிலதானே பாப்பம்." தோட்டத்துக் குழாயை எடுத்துச் சுவரை நனைத்தேன். செங்கல் தண்ணீர் குடித்தால் இரண்டு மடங்கு கருமையாகும், நீங்களே பார்த்திருப்பீர்கள். நனைந்த சுவரில் அந்த அடர் மண்ணிறத் துண்டு எங்கே இருக்கிறது என்று தேடவேண்டியிருந்தது. கறுப்பு அப்போதும் தனியாகவே நின்றது. நனைந்தபோது இன்னொன்றும் தெரிந்தது. செங்கல்லுக்கு இடையில் இருக்கிற சாந்து எங்கள் வீட்டில் மணல் நிறம், ஜன்னலைச் சுற்றி இருக்கிற தகடும் அதே மணல் நிறம். முதலில் கட்டியவர் யோசித்துத்தான் செய்திருக்கிறார். உங்கள் வீட்டிலும் சாந்தின் நிறத்தை ஒருதரம் பாருங்கள். சில வீடுகளுக்குக் குழாய் அந்த நிறத்தில் இருந்தால்தான் பொருந்தும்.

இனிக் கறுப்பு. உங்கள் தெருவில் கறுப்புப் போட்டவர்கள் பெரும்பாலும் ஜன்னல், கதவு எல்லாவற்றையும் சேர்த்துக் கறுப்பாக்கியிருப்பார்கள். அப்போது அது வடிவுதான், மறுக்கவில்லை. பீலி மட்டும் கறுப்பானால் அதற்குத் துணையாக வீட்டில் வேறொன்றும் இருக்காது. மே மாதத்தில் மரங்களின் மஞ்சள் மகரந்தத் தூள் கறுப்பில் அப்படியே தெரியும். தகடு மெல்லியதாக இருந்தால் ஏணி பட்ட நெளிவும் தெரியும். இதற்காகத்தான் தடிப்பைக் கேட்கச் சொல்கிறேன். வழக்கமாக வருவது ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 27 பங்கு, நல்லது 32 பங்கு. அடர்ந்த நிறம் வெயிலில் கூடுதலாகச் சூடேறும். அலுமினியம் ஒரு மீற்றருக்கு ஒரு பாகை சூட்டுக்கு 0.023 மில்லிமீற்றர் நீளும். பத்து மீற்றர் பீலி, தை மாதக் குளிருக்கும் ஆடி வெயிலுக்கும் இடையில் 60 பாகை வேறுபாடு என்று வைத்தால், ஏறத்தாழ 14 மில்லிமீற்றர். ஒழுகாமல் இருக்க மூலையில் பூசுகிற பசை (சீலன்ற்) இந்த இழுபறியில்தான் விடுகிறது. உங்கள் வீட்டில் மூலைகள் ஒழுகுவதாக எழுதியிருந்தீர்கள், அதனால் சொல்கிறேன். எங்கள் அடர் மண்ணிறத்துக்கும் இது பொருந்தும், அதை ஒளிக்கவில்லை. வருடம் ஒருமுறை மூலைகளைப் பார்த்துக்கொள்கிறேன்.

"கறுப்புப் போட்டால் குளிர்காலத்தில் ஐஸ் கட்டாது" என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். கூரை ஓரத்தில் ஐஸ் அணை கட்டுவது கூரைக்குக் கீழே இருக்கிற மேல்மாடத்துக்குள் வீட்டுச் சூடு ஏறி, பனியை உருக்கி, அந்தத் தண்ணீர் குளிர்ந்த ஓரத்துக்கு வந்து திரும்ப உறைவதால். அதற்கு மருந்து மேல்மாடத்து இன்சுலேஷனும் காற்றோட்டமும். பீலியின் நிறம் அதை மாற்றாது. வெள்ளைக்கு வேறு தொல்லை: ஷிங்கிள்ஸில் இருந்து வடிகிற தார் அழுக்கு, பீலியின் முகத்தில் வரி வரியாகக் கறுத்துப் பிடிக்கும். சும்மா சோப்புத் தண்ணீருக்குப் போகாது. எங்கள் வெள்ளையில் இரண்டாவது வருடமே வந்துவிட்டது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போகமுடியவில்லை. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், மன்னியுங்கள். 2019இல் நாங்கள் ஏணியும் தகடுமாக நின்ற அந்தக் கிழமையில், வீட்டில் வேலை நடப்பதைக் கண்டு ஒருவர் கதவைத் தட்டி, அம்மாவிடம் தண்ணீர் வடிகட்டிக்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார். வீட்டில் அம்மா மட்டும். "அரசாங்கம் அனுப்பினது" என்று சொன்னாராம். ஒன்ராறியோவில் 2018 மார்ச் 1 தொடக்கம், நாங்கள் கூப்பிடாமல் வீட்டுக்கு வந்து வடிகட்டி, வெந்நீர்த் தாங்கி, வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் போன்றவற்றுக்கு ஒப்பந்தம் எழுதுவது சட்டப்படி செல்லாது. அது தெரியாமல் ஏழு மாதம் காசு கட்டினோம். அம்மாவின் அந்தச் சங்கடமான முகத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது. உங்கள் வீட்டிலும் வயதானவர்கள் இருந்தால், வேலை நடக்கிற நாட்களில் யார் வந்தாலும் கையெழுத்துப் போடவேண்டாம் என்று சொல்லி வையுங்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ரொறன்ரோ நகருக்குள் என்றால், விலக்குப் பெற்றிருந்தால் ஒழிய, 2016 டிசம்பருக்குப் பிறகு எந்தப் பகுதியிலும் இறங்கு குழாயை நிலத்தடிக் குழாயோடு இணைக்க முடியாது. தண்ணீர் நிலத்தில்தான் விழவேண்டும். ஆகவே குழாயின் அடியில் வளைத்து, புல்லின் மேல் நீட்டி விடுவார்கள். வாசலுக்குப் பக்கத்தில் என்றால் அந்தத் துண்டும் கண்ணில் படும். அதையும் சுவரின் நிறத்திலேயே கேளுங்கள். இல்லாவிட்டால் மீதியிருக்கிற வெள்ளைத் துண்டைப் பொருத்திவிட்டுப் போவார்கள்.

முன்பக்கப் பீலியை அடுத்த வருடம் அடர் மண்ணிறத்துக்கு மாற்றினோம். பின்பக்கம் இன்றுவரை வெள்ளைதான், அங்கே யாரும் பார்ப்பதில்லை, ஒழுகவும் இல்லை. புது நிறம் போட்டு முதல் மழைக்கு அம்மா கதிரையை வாசலுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தார். "இப்ப சத்தம் மட்டும் கேக்குது" என்றார்.

பீலிக்காரரிடம் நிறத்தின் பெயரையும், எந்தக் கம்பனிச் சுருள் என்பதையும் ஒப்பந்தத் தாளிலேயே எழுதி வாங்குங்கள். ஒரே பெயரில் இரண்டு கம்பனிகளின் மண்ணிறம் ஒன்றாக இருக்காது. முன்பக்கத்தைத் தெருவின் மறுகரையில் நின்று, சுவர் நனைந்திருக்கும்போது ஒரு படம் எடுத்து இங்கே போடுங்கள். ஜன்னல் சட்டமும் கூரையும் தெரியவேண்டும். பார்த்துவிட்டு, குழாய்க்கு மணல் நிறமா மண்ணிறமா என்று சொல்கிறேன்.