ஆயில் பால் டீ போல ஆனால் இன்ஜினையே மாற்ற வேண்டுமா?

நாகப்பட்டினம் பக்கத்திலிருந்து ஒரு விசைப்படகு உரிமையாளர் கேட்டிருக்கிறார். அவருடைய 6 சிலிண்டர் டீசல் இன்ஜினில் ஆயில் பால் டீ நிறத்துக்கு மாறிவிட்டது. மீன்பிடித் தடைக்காலத்தில் ஹெட்டை (சிலிண்டர்களின் மேல்மூடி) இறக்கி, அதன் அடியில் கசியாமல் அடைக்கும் கேஸ்கெட் தகட்டை மாற்றினார்கள். இரண்டு ட்ரிப் நன்றாக ஓடியது. மூன்றாவது ட்ரிப் முடிந்து படகைக் கட்டிய மறுநாள் காலை பார்த்தால், ஆயில் மட்டம் பார்க்கும் கம்பியில் அளவு ஒரு விரற்கடை ஏறியிருக்கிறது, மறுபடியும் அதே நிறம். கூலன்ட் தொட்டியில் தண்ணீர் குறைந்திருக்கிறது, மேலே எண்ணெய்ப் படலம். ஓடும்போது சூடு ஏறவில்லை, வெள்ளைப் புகையும் இல்லை. மெக்கானிக் "பிளாக் கிராக்" என்கிறார், அதாவது இன்ஜினின் உடலிலேயே விரிசலாம். ஒரு தரகர், பழையதைச் செப்பனிட்ட ரீகண்டிஷன் இன்ஜின் இருக்கிறது என்று அட்வான்ஸ் கேட்டு நிற்கிறார். என்ன செய்வது என்பது கேள்வி.

அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் என் முதல் சந்தேகம் ஆயில் கூலர் மீதுதான். ஹெட் கேஸ்கெட்டும் பிளாக்கும் அதற்குப் பிறகுதான்.

ஏன் அப்படிச் சொல்கிறேன்? உங்கள் கேள்வியிலேயே இரண்டு தடயம் இருக்கிறது. ஒன்று, படகைக் கட்டிப் போட்ட இரவில்தான் ஆயில் அளவு ஏறியிருக்கிறது. இரண்டு, கூலன்ட் தொட்டியில் எண்ணெய் மிதக்கிறது. ஆயில் கூலர் என்பது இன்ஜின் பக்கவாட்டில், ஆயிலும் தண்ணீரும் அடுத்தடுத்து ஓடும் தகடுகளோ குழாய்களோ கொண்ட ஒரு சின்னப் பெட்டி. நடுவில் இருப்பது மெல்லிய தகடு மட்டும்தான். இன்ஜின் ஓடும்போது ஆயிலின் அழுத்தம் 3, 4 கிலோ இருக்கும். தண்ணீர்ப் பக்கம் 1 கிலோ கூட இருக்காது. தகட்டில் ஊசித் துளை விழுந்தால், ஓடும் நேரம் முழுக்க ஆயில் தண்ணீருக்குள் போகும். அதுதான் தொட்டியில் மிதக்கும் படலம். இன்ஜினை நிறுத்தியதும் ஆயில் அழுத்தம் பூஜ்யம். சூடான தண்ணீர்ப் பக்கத்தில் மட்டும் ஆறும் வரைக்கும் கொஞ்சம் அழுத்தம் மிச்சம் இருக்கும், தொட்டியும் உயரத்தில் இருக்கிறது. இப்போது தண்ணீர் ஆயிலுக்குள் இறங்கும். நீங்கள் தூங்கிக்கொண்டிருக்கும்போது நடக்கிற வேலை இது.

ஹெட் கேஸ்கெட் போயிருந்தால் கதை பெரும்பாலும் வேறு மாதிரி இருக்கும். குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து தொட்டி மூடியைத் திறந்து பார்த்தால் குமிழி குமிழியாக வரும். சில நிமிடத்திலேயே தண்ணீர் ஹோஸ் கல் மாதிரி இறுகும். லோடு கொடுத்தால் சூடு ஏறும். நீங்கள் எழுதியதில் இது எதுவும் இல்லை.

அப்படியானால் கேஸ்கெட் மாற்றியதும் இரண்டு ட்ரிப் எப்படி நன்றாக ஓடியது? ஹெட்டை இறக்கும்போது ஆயிலையும் மாற்றியிருப்பார்கள், தண்ணீரையும் புதிதாக நிரப்பியிருப்பார்கள். புது ஆயில் மறுபடி கலங்க இரண்டு ட்ரிப் ஆகியிருக்கிறது, அவ்வளவுதான். இந்த இரண்டு ட்ரிப்பைக் காட்டித்தான் "கேஸ்கெட் சரியாகத்தான் இருந்தது, இப்போது பிளாக் போய்விட்டது" என்று அடுத்த செலவுக்கு இழுக்கிறார்கள். 25 வருடமாக இதைப் பார்க்கிறேன். ஹெட்டை இறக்கினால் கூலி உண்டு, கேஸ்கெட் செட்டில் கமிஷன் உண்டு, ஹெட்டின் அடிப்பரப்பைச் சமன் செய்யும் ஃபேசிங் பட்டறையில் கமிஷன் உண்டு. நாலு போல்ட்டைக் கழற்றி கூலரைச் சோதித்தால் யாருக்கும் ஒன்றும் கிடைக்காது.

சரி, சோதனைக்கு வருவோம். இன்ஜினை ஒரு இரவு அசையாமல் விடுங்கள். காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன், சம்ப் (இன்ஜினின் அடியில் ஆயில் நிற்கும் தொட்டி) போல்ட்டை முழுதாகக் கழற்றாமல் இரண்டு சுற்று மட்டும் தளர்த்தி, கீழே கண்ணாடி டம்ளர் பிடியுங்கள். தண்ணீர் கனம் என்பதால் அடியில் நிற்கும், முதலில் அதுதான் வரும். அந்தத் தண்ணீரில் கூலன்ட் நிறம் தெரிந்தால், கூலன்ட் தொட்டியிலிருந்து இன்ஜினுக்குள் சுற்றும் உள்சுற்றிலிருந்து வந்தது. நிறம் இல்லையென்றால் ஒரு கரண்டியில் ஊற்றி வற்றக் காய்ச்சுங்கள். அடியில் வெள்ளை உப்பு தடிமனாகப் படிந்தால் அது கடல் தண்ணீர். அப்போது பிரச்சினையும் வேறு, அவசரமும் வேறு. தண்ணீர் சுற்றும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டையும் (சிலிண்டர்களின் புகை சேர்ந்து வெளியேறும் குழாய்) கடல் தண்ணீர் பம்ப்பின் சீலையும்தான் முதலில் பார்க்க வேண்டும்.

கூலரைச் சோதிக்கும் முறையில்தான் எல்லோரும் தவறு செய்கிறார்கள். ஆயில் பக்கத்து ஒரு வாயை ரப்பர் வைத்து அடைத்து, இன்னொரு வாயில் 3 கிலோ காற்று கொடுத்து, தண்ணீரில் முக்கிப் பார்க்கிறார்கள். குமிழி வரவில்லை என்றதும் "கூலர் ஓகே" என்று மறுபடி மாட்டிவிடுகிறார்கள். பச்சைத் தண்ணீரில் முக்கினால் பல துளைகள் தெரியாது. உலோகம் சூட்டில் விரிந்த பிறகுதான் அந்தக் கீறல் வாய் திறக்கும். நான் ஒரு படகில் இரண்டு முறை ஹெட் இறக்கிய இன்ஜினைப் பார்க்கப் போனேன். கூலரை ஏற்கெனவே சோதித்தாகிவிட்டது என்றார்கள். சமையல் அடுப்பில் தண்ணீர் காய்ச்சச் சொல்லி, கை வைக்க முடியாத சூட்டில் ஒரு அகலப் பாத்திரத்தில் ஊற்றி, கூலரை முக்கிக் கால் மணி நேரம் காத்திருந்தோம். முதலில் ஒன்றுமில்லை. அப்புறம் நடுக் குழாய் ஒன்றின் ஓரத்திலிருந்து கடுகு அளவில் குமிழி, ஒன்றன்பின் ஒன்றாக, நூல் பிடித்த மாதிரி மேலே வந்தது. அந்த உரிமையாளர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். இரண்டு கேஸ்கெட் செட்டுக்கும் ஃபேசிங்குக்கும் அவர் மனைவியின் நகை அடகில் இருந்தது.

சூட்டில் சோதித்தும் கூலரில் ஒன்றும் இல்லையென்றால், சம்ப்பை இறக்குங்கள். கூலன்ட் சுற்றுக்குத் தொட்டி மூடி வழியாக முக்கால் கிலோ அழுத்தம் கொடுத்து, இன்ஜினுக்கு அடியில் பழைய நாளிதழை விரித்து ஒரு இரவு விடுங்கள். எந்த சிலிண்டருக்கு நேராக ஈரம் இருக்கிறதோ அந்த லைனரின் (சிலிண்டருக்குள் செருகியிருக்கும் உருளை) அடி ரப்பர் ரிங் போயிருக்கிறது, அல்லது லைனரே அரித்துத் துளை விழுந்திருக்கிறது. லைனர் மாற்றக்கூடிய பொருள்தான், அதற்காக பிளாக்கைத் தூக்கிப் போட வேண்டாம். அதிலும் ஒன்றும் இல்லையென்றால்தான் ஹெட். ஹெட்டில் கிராக் என்று பட்டறையில் சொன்னால், அழுத்தச் சோதனையை உங்கள் கண் முன்னால் செய்யச் சொல்லுங்கள். பெயின்ட்டில் விழுந்த கோட்டைக் காட்டிக் கிராக் என்று சொல்வதை நானே பார்த்திருக்கிறேன்.

இங்கே ஒரு விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை வைத்துத்தான் அதிகம் ஏமாற்றுகிறார்கள். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் உள்பக்கம் வெண்ணெய் மாதிரி மஞ்சள் கலந்த வெள்ளைக் களிம்பு ஒட்டியிருக்கும். அதைக் கண்டதும் பதற வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில் புயல் எச்சரிக்கை வந்து படகுகள் நாள் கணக்கில் கட்டிக் கிடக்கும். பேட்டரி ஏறட்டும் என்று தினமும் 10 நிமிடம் ஓட்டி நிறுத்துவோம். அந்த 10 நிமிடத்தில் இன்ஜின் முழுச் சூட்டுக்கு வராது. எரியும் டீசலிலிருந்தும் மழைக்காலக் காற்றிலிருந்தும் உள்ளே சேரும் நீராவி, குளிர்ந்து கிடக்கும் மூடியில் பட்டுத் தண்ணீராகும். ஆயிலோடு கலந்து களிம்பாகும். சோறு வெந்த பானையின் தட்டில் நீர் கோத்து நிற்பது போலத்தான் இதுவும். இன்ஜினுக்குள் எந்த ஓட்டையும் இல்லை. எப்படி உறுதி செய்வது? மூடியைத் துணியால் துடைத்துவிட்டு, லோடு கொடுத்து ஒரு மணி நேரமாவது கடலில் ஓட்டுங்கள். வந்து மூடியைப் பாருங்கள், கம்பியைப் பாருங்கள். கம்பியில் ஆயில் நிறம் மாறாமல், அளவு ஏறாமல், கூலன்ட் தொட்டியும் குறையாமல் இருந்தால் அது வெறும் ஆவிதான். மூடியில் மட்டும் களிம்பு, கம்பியில் சுத்தம் என்றால் ஹெட்டைத் தொடவே விடாதீர்கள். மூடியைத் திறந்து விரலில் தடவிக் காட்டி "பாருங்கள், கேஸ்கெட் போச்சு" என்று சொல்கிறவர் எவ்வளவு பழக்கமானவராக இருந்தாலும் சரி. உங்கள் விஷயம் இது இல்லை. உங்களுக்குக் கம்பியிலேயே அளவு ஏறியிருக்கிறது. ஆனால் இதைப் படிக்கும் மற்றவர்களுக்குத் தெரிய வேண்டும்.

அந்த ரீகண்டிஷன் இன்ஜின் விஷயத்துக்கு வருகிறேன். புது பெயின்ட்டைப் பார்த்து மயங்காதீர்கள். லாரியில் ஓடி முடித்த இன்ஜினைக் கழுவி, பெயின்ட் அடித்து, கடலுக்கு என்று விற்கிறார்கள். பழைய இன்ஜினின் பழுதான கூலரையே கழற்றி அந்த இன்ஜினில் மாட்டிக் கொடுத்த கதையும் உண்டு. படகின் பதிவில் இன்ஜின் விவரமும் இருக்கிறது, மாற்றினால் அதையும் திருத்த அலைய வேண்டும். ஒவ்வொரு வருடமும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். அதில் படகுகளை ஆய்வு செய்ய வருகிறார்கள். பதிவுச் சான்று, டீசல் புத்தகம், படகின் நீளம் எல்லாம் பார்க்கிறார்கள். இன்ஜின் அறைக்குள் இறங்கி ஒரு கம்பியை உருவிப் பார்க்க யாருக்கும் உத்தரவு இல்லை. இத்தனை நூறு படகு நிற்கும் துறைமுகத்தில், கமிஷன் வாங்காமல் ஒரு கூலரை அழுத்தம் கொடுத்துப் பார்த்துச் சீட்டு எழுதித் தர ஒரு இடம் வேண்டும் என்று எத்தனை கூட்டத்தில் கேட்டாகிவிட்டது! ஒரு கம்ப்ரசர், ஒரு தொட்டி, ஒரு ஆள் போதும். அது இல்லாததால்தான் தரகர் பிழைக்கிறார்.

கூலர்தான் என்று தெரிந்தால், உள்ளே இருக்கும் தகடு, குழாய்த் தொகுதியான கோரைப் புதிதாகப் போடுங்கள். பற்றவைத்துத் தருகிறேன் என்பவரிடம் கொடுக்காதீர்கள், அடுத்த துளை பக்கத்திலேயே விழும். பிறகு ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, கால் மணி நேரம் மெதுவாக ஓட்டி, சூடாக இருக்கும்போதே வடித்துவிடுங்கள். பால் நிறம் போகும் வரை இரண்டு, மூன்று முறை இப்படிச் செய்ய வேண்டும். தண்ணீர் கலந்த ஆயில் பேரிங்கைக் காப்பாற்றாது, அதனால் ஆயிலில் மிச்சம் பிடிக்காதீர்கள். எண்ணெயில் ஊறி உப்பிய தண்ணீர் ஹோஸ்களையும் மாற்றுங்கள்.

இனி கூலர் ஏன் அரித்தது என்று பாருங்கள். தொட்டியில் என்ன தண்ணீர் ஊற்றுகிறீர்கள்? கடலோர ஊர்களில் போர் தண்ணீர் உப்பு. "நல்ல தண்ணீர்" என்று அதைத்தான் பலர் ஊற்றுகிறார்கள். செம்பையும் லைனரையும் அரிப்பது அதுதான். கம்பெனி சொல்லும் கூலன்ட்டை, சொல்லும் அளவில், சுத்தமான தண்ணீரில் கலந்து ஊற்றுங்கள். கடல் தண்ணீரால் கூலன்ட்டைக் குளிரவைக்கும் ஹீட் எக்ஸ்சேஞ்சரில், அரிப்பைத் தான் வாங்கிக்கொள்ளும் துத்தநாகக் கம்பி இருக்கும், பாதி கரைந்ததும் மாற்றுங்கள். டீசலில் வரும் தண்ணீருக்கு, ஃபில்டர் அடியில் இருக்கும் குமிழைத் தினமும் திறந்து வடித்தாலே போதும்.

அப்புறம் சைலன்சர் பைப். மேல்நோக்கி நிற்கும் பைப்பில் மழை இறங்கினால், எந்த சிலிண்டரில் எக்ஸாஸ்ட் வால்வு திறந்திருக்கிறதோ அதற்குள் தண்ணீர் நேராகப் போய்விடும். படகைக் கட்டும்போது ஒரு டின்னைக் கவிழ்த்து மூடுங்கள். புயல் எச்சரிக்கை முடிந்து ஒரு படகில் ஸ்டார்ட்டரை அழுத்தியதும் "டக்" என்று நின்றது. டிரைவர் பேட்டரி வீக் என்று நினைத்து இரண்டாவது பேட்டரியைக் கொடுத்து அழுத்தினார். காற்றை அழுத்தலாம், தண்ணீரை அழுத்த முடியாது. கனெக்டிங் ராடு வளைந்துவிட்டது. மழையில் நனைந்து கிடந்த இன்ஜினை முதலில் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றிப் பாருங்கள். எங்காவது முட்டினால், இன்ஜெக்டர்களைக் கழற்றிவிட்டு மெதுவாகச் சுற்றுங்கள். தண்ணீர் அந்தத் துளை வழியாகப் பீய்ச்சி வெளியே வந்துவிடும்.

உங்கள் படகுக்கு, கூலர் மாற்றி முதல் ட்ரிப் முடிந்து வந்த மறுநாள் காலை, ஸ்டார்ட் செய்வதற்கு முன் ஆயில் கம்பியில் அளவையும் கூலன்ட் தொட்டியில் அளவையும் சுண்ணாம்புக்கட்டியால் இன்ஜின் அறைச் சுவரில் குறித்து வையுங்கள். மூன்று ட்ரிப்புக்கு இப்படிக் குறியுங்கள். கோடு நகரவில்லை என்றால், தரகரிடம் இன்ஜின் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.