தீயணைப்புத் தொட்டித் தண்ணீரை வீட்டுக்கு எடுத்தோம், ரிட் போடலாமா?

கேள்வி: சென்னை ஓ.எம்.ஆரில் 96 வீடுகள் கொண்ட 12 மாடிக் குடியிருப்பின் உரிமையாளர் சங்கச் செயலாளர் நான். சாவி வாங்கி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. இந்தக் கோடையில் போர்வெல் வற்றியது, லாரியும் வரவில்லை. பொதுக்குழுவில் ஒருமனதாகத் தீர்மானம் போட்டு, 1 லட்சம் லிட்டர் தீயணைப்புத் தொட்டியிலிருந்து வீடுகளுக்குத் தண்ணீர் எடுத்தோம். ஆய்வுக்கு வந்த அதிகாரி எல்லார் முன்னாலும் எங்களைத் திட்டிவிட்டு, விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார். 2019-இல் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்த ஊர் இது. இங்கே, தீப்பிடித்தால் கூரையிலிருந்து தானாகத் தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளருக்காக ஒரு லட்சம் லிட்டரை முடக்கி வைக்கச் சொல்வது வாழ்வுரிமைக்கு எதிரானது என்று உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாமா? பில்டரும் எங்களை ஏமாற்றிவிட்டார்.

பதில்: போடாதீர்கள்.

அதிகாரி திட்டியதும் லாரி வராததும் இந்த நோட்டீஸுக்குப் பதிலாகாது. ஆய்வு நடந்த நாளில் தொட்டியில் தண்ணீர் இருந்ததா, பம்ப் ஆட்டோவில் இருந்ததா? கேள்வி அவ்வளவுதான். 18.30 மீட்டரைத் தாண்டிய கட்டடம் தமிழ்நாட்டு விதிகளில் உயர்மாடிக் கட்டடம். தீயணைப்பு ஏற்பாட்டை நம்பித்தான் அதற்கு அனுமதியே கிடைத்தது. மேலும், விளக்கம் கேட்கும் கட்டத்திலேயே ரிட் போட்டால், முதலில் போய் விளக்கம் கொடுங்கள் என்று நீதிமன்றம் திருப்பி அனுப்புவதே வழக்கம்.

வறட்சி வாதம் கணக்கிலும் தேறாது. 96 வீடு, வீட்டுக்கு 4 பேர், ஆளுக்கு 135 லிட்டர் என்றால் ஒரு நாளைக்குச் சுமார் 52,000 லிட்டர். அந்தத் தொட்டி உங்களுக்கு இரண்டு நாள்கூடத் தாங்கியிருக்காது. 12,000 லிட்டர் லாரியில் ஒன்பது நடைக்குள் அடங்கும் தண்ணீர் அது. ஸ்பிரிங்க்ளரோ ஒருமுறை நிரப்பினால் தண்ணீரைச் செலவழிப்பதில்லை. வாராந்திர சோதனைத் தண்ணீரையும் டெஸ்ட் லைன் வழியே தொட்டிக்கே திருப்பிவிடலாம். தீப்பிடித்தாலும் எல்லா ஹெட்டும் (தண்ணீர் தெளிக்கும் முனை) திறக்காது, சூடேறிக் கண்ணாடிக் குமிழ் உடைந்தவை மட்டுமே திறக்கும். வழக்கமான அளவான கே-80 ஹெட் நான்கு திறந்தால், 1 பார் அழுத்தத்தில் நிமிடத்துக்கு 320 லிட்டர். உங்கள் தொட்டி ஐந்து மணி நேரம் தாங்கும்.

ரிட் தோற்பதைவிட எனக்குப் பெரிய பயம், அதோடு நீங்கள் தாக்கல் செய்யும் பிரமாணப் பத்திரம். "வேறு வழியின்றித் தீயணைப்புத் தண்ணீரைப் பயன்படுத்தினோம்" என்று சத்தியம் செய்து கையெழுத்திடப் போகிறீர்கள். அது ஒப்புதல் வாக்குமூலம். நாளை ஒரு விபத்து நடந்தால் காவல்துறையும் காப்பீட்டு நிறுவனமும் அதன் நகலைத்தான் முதலில் கேட்கும். நியாயம் கேட்கப் போன சங்கங்கள் விழும் குழி இதுவே. ஸ்பிரிங்க்ளரைக் காட்டிப் பிரீமியத்தில் தள்ளுபடி வாங்கியிருந்தால், அதை இயங்கும் நிலையில் வைத்திருக்கும் நிபந்தனை பாலிசியில் இருக்கிறதா என்று இன்றே எடுத்துப் பாருங்கள்.

அடுத்தது தீர்மானப் புத்தகம். அலட்சியத்தால் மரணம் என்றால் பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 106-இன் கீழ் ஐந்தாண்டு வரை தண்டனை. உயிர் போகலாம் என்று தெரிந்தே செய்ததாகக் காட்டினால் வழக்கு பிரிவு 105-க்குப் போகும், அது பத்தாண்டு வரை. "தெரிந்தே" என்பதை நிரூபிக்க அரசுத் தரப்பு மற்ற வழக்குகளில் பாடுபடும்; உங்கள் வழக்கில் அதை நீங்களே எழுதிக் கையெழுத்திட்டு வைத்திருக்கிறீர்கள். ஒருமனதாகப் போட்டோம் என்பது கேடயமாகாது. 1997-இல் 59 பேர் இறந்த தில்லி உப்ஹார் திரையரங்க வழக்கில், கூடுதல் இருக்கைகளுக்கு அதிகாரிகளே அனுமதி தந்தார்கள் என்ற வாதம்கூட உச்ச நீதிமன்றத்தில் எடுபடவில்லை.

பதறிப்போய் அந்தப் பக்கத்தைக் கிழிக்காதீர்கள். முன்தேதியிட்டு எதையும் எழுதாதீர்கள். பராமரிப்பு ஒப்பந்தக்காரரிடம் பழைய தேதியில் "நல்ல நிலையில் உள்ளது" என்று சான்று வாங்காதீர்கள். இன்றைக்குச் சரிசெய்யக்கூடிய குறையாக இருப்பது, சாட்சியத்தை அழித்தல், போலி ஆவணம் என்ற தனிக் குற்றங்களாக மாறிவிடும். பொதுக்குழுவைக் கூட்டிப் பழைய தீர்மானத்தை ரத்து செய்து புதுத் தீர்மானம் போடுங்கள், இன்றைய தேதியில்.

பம்ப் அறைக்கு நீங்களே நேரில் போங்கள். தொட்டி காலியானால், குழாயில் அழுத்தத்தைத் தக்கவைக்கும் ஜாக்கி பம்ப் தண்ணீரில்லாமல் ஓடி சீல் எரிந்துபோகும் என்று பேனலை ஆஃப் செய்து வைத்திருப்பார்கள். தண்ணீரை நிரப்பிய பிறகும் அதை ஆட்டோவுக்குத் திருப்ப மறந்துவிடுவதுதான் நடக்கிறது. லாரித் தண்ணீரில் மண் வரும் என்பதால் ஸ்ட்ரெய்னர் என்ற வடிகட்டியையும் கழற்றிக் கழுவச் சொல்லுங்கள்.

பில்டர் விஷயத்தில் பயனுள்ளது ஒன்று இருக்கிறது. தேசியக் கட்டட விதித்தொகுப்பு 2016-இன்படி, தண்ணீர் முதலில் தீயணைப்புத் தொட்டியில் நிரம்பி, வழிவதுதான் வீட்டுத் தொட்டிக்குப் போக வேண்டும். வீட்டு பம்ப் தீயணைப்புத் தொட்டியிலிருந்து இழுக்கும்படி அவரே குழாய் போட்டிருந்தால் அது கட்டுமானக் குறை. ரியல் எஸ்டேட் சட்டம் பிரிவு 14(3)-இன் கீழ் சாவி வாங்கிய ஐந்தாண்டுக்குள் எழுத்தில் தெரிவித்தால் அவர் செலவில் 30 நாளில் சரிசெய்ய வேண்டும். உங்களுக்கு மிச்சம் ஓராண்டுதான். நஷ்டஈடு கேட்டு இழுக்காதீர்கள். குழாயைப் பிரித்து, நீர்மட்ட அலாரம் பொருத்தித் தர அவர் ஒப்புக்கொண்டால் அதோடு சமரசமாகப் போங்கள்.

நோட்டீஸுக்குக் கெடு முடியுமுன் அரைப் பக்கத்தில் பதில் கொடுங்கள். தொட்டி நிரப்பப்பட்ட தேதி, லாரி ரசீதுகள், பம்ப் சோதனை அறிக்கை, மறு ஆய்வுக்கு வேண்டுகோள். வறட்சியைப் பற்றி அதில் ஒரு வரிகூட வேண்டாம்.